குசினிக்கூண்டில் பதினோரு மாதம்

என் தங்கை புருஷன் கஸ்பார் ஒரே ஒரு சிலிண்டர் காற்றோடு சுவர்ப்பாரில் இறங்கி, பதினோரு மாதம் மேலே வராமல், அந்தப் பதினோரு மாதமும் அடியிலிருந்து தவறாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இதை வெளியூரில் சொன்னால் ஜனங்கள் என் வாயை முகர்ந்து பார்க்கிறார்கள். அந்திரையார்முனையில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள்; பதினோரு மாதமா, பத்தரை மாதம்தானே என்று கணக்கை மட்டும் திருத்துவார்கள்.

எங்கள் முனையிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம் படகு ஓடினால், கடலுக்கடியில் ஐந்து பாகம் ஆழத்தில் பவளம் மேடைபோல் பரந்து கிடக்கும். பாகம் என்பது வேறொன்றும் இல்லை, இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். அந்த மேடை திடீரென்று முடிந்து, அங்கிருந்து பதினைந்து பாகம்வரைக்கும் நேர்ச் சுவராக இறங்கும். பவளத் திட்டை நாங்கள் பார் என்போம், இது சுவர்ப்பார். சுவரின் அடியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய், வாய்க்குள் நுழைந்தால் இருட்டு, இருட்டில் ஒரு வளைவு, வளைவைத் தாண்டி அண்ணாந்தால் தலைக்கு மேலே நீலமாய் ஒரு வட்டம், அந்த வட்டத்தைப் பார்த்தபடியே நிதானமாக ஏறினால் மேடையின் நடுவில் வெளியே வந்துவிடலாம். சாமியார் பங்களா குசினியின் புகைக்கூண்டு மாதிரியே இருப்பதால் அதற்குக் குசினிக்கூண்டு என்று பெயர். மெல்கியோர் அண்ணாச்சி டைவிங் கடை போட்ட பிறகு பெங்களூர், பம்பாய் ஆட்களெல்லாம் வந்து அதன் வழியே ஏறி, மேலே வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போகிற வேலை எனக்கும் கஸ்பாருக்கும்.

எங்கள் ஊரில் முங்கப் போகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் தங்கை தாலியறுக்கும்படி எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது ஏற்பாடு. மூச்சடக்கிச் சங்கு எடுத்த காலத்தில் கயிறு இருந்தது. சிலிண்டர் வந்ததும் கயிறு போய்விட்டது, மச்சான் மட்டும் போகவில்லை. கயிறில்லாத மச்சான் என்ன செய்வான்? படகில் உட்கார்ந்து குமிழியைப் பார்ப்பான். குமிழி வரும்வரை கீழே இருப்பவன் நன்றாக இருக்கிறான், மூச்சு விடுகிறவனை இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சட்டம்.

பெண்டாட்டிக்கும் ஒரு சட்டம் உண்டு. புருஷன் தண்ணீருக்கடியில் இருக்கும் நேரம் அவள் படுக்கக் கூடாது, அடுப்பு பற்றவைக்கக் கூடாது, கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. மூச்சடக்கின காலத்தில் அது ஒன்றரை நிமிஷச் சட்டம், சிலிண்டர் வந்தபின் ஐம்பது நிமிஷச் சட்டம். ஐம்பது நிமிஷம் படுக்காமல் இருப்பது யாருக்கும் பெரிய பாடாக இருந்ததில்லை.

மாதா பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், அறுந்த வலை ஒன்று கூண்டின் வளைவில் மாட்டியிருக்கிறது, போய் அறுத்துவிட்டு வாருங்கள் என்று அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். எனக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தது; அடைத்த காதோடு இறங்கினால் செவிப்பறை கிழிந்துவிடும். ஜோடியில்லாமல் தனியாக இறங்கக் கூடாது என்பது அண்ணாச்சி கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற முதல் விதி. அரைமணி நேர வேலைதானே மச்சான் என்று கஸ்பார் சொன்னான், நானும் தலையை ஆட்டினேன். பத்து மணிக்கு இறங்கினான். பத்து ஐம்பதுக்குக் காற்று தீர வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பரம்பரையில் எவனும் கடிகாரத்தைப் பார்த்து மச்சானைக் காத்ததில்லை, குமிழியைப் பார்த்துத்தான் காத்தார்கள், குமிழியோ வந்துகொண்டே இருந்தது. பதினொன்றுக்கும் வந்தது, பதினொன்றரைக்கும் வந்தது, மச்சான் என்ன சிக்கனமாக மூச்சு விடுகிறான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கூண்டுக்குள் விடுகிற மூச்சு நேராக மேலே வராது. வளைவின் கூரையில் குளம் கட்டி நின்று, பவளத்தின் பொத்தல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ஆள் போன பிறகும் வெகுநேரம் கசியும். பம்பாய்க்காரர்களுக்கு இதை நானே நூறு தடவை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. படகில் இன்னொரு சிலிண்டர் நிரப்பி வைத்திருந்தது, என் காது கிழிந்தால் கிழியட்டும் என்று நான் இறங்கியிருக்கலாம், அதுவும் ஞாபகம் வரவில்லை.

ஒரு மணிக்குத்தான் போன் போட்டேன்; நான்கு பேர் வந்து மூன்று நாள் தேடினார்கள். தண்ணீர் கலங்கல், கையை நீட்டினால் கை தெரியாது. கூண்டை அடியிலிருந்து நுனிவரை தடவித் தடவி ஏறினார்கள், வளைவில் வலை சுருண்டு அடைத்திருந்த பக்கப் பொந்துக்குள் மட்டும் யாருக்கும் தலை நுழையவில்லை. கசிய வேண்டியதெல்லாம் கசிந்து கடல் அடங்கியிருக்க வேண்டிய அந்த மூன்றாம் நாள் மத்தியானம், மேடைக்கு நேர் மேலே ஒரு கொத்துக் குமிழி வந்தது. நான்கு விநாடி கழித்து இன்னொரு கொத்து, நான்கு விநாடி கழித்து இன்னொன்று. தேடினவர்கள் பார்த்தார்கள், படகில் ஏறினார்கள், காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கழற்றினார்கள். மூச்சு விடுகிறவனை இழுக்கக் கூடாது என்று மூத்தவர் ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் என்றார்கள், கரைக்குத் திரும்பிக் குளித்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. முனையில் மழை பெய்தால் எப்படிப் பழகிக்கொள்வோமோ அப்படி. சுவர்ப்பாரைத் தாண்டும்போது எஞ்சினை அணைத்துத் துடுப்புப் போட்டார்கள். முறை வைத்து ஒரு படகு எந்நேரமும் அங்கே நின்றது. பங்குச்சாமியார் அடக்கப் பூசை வைக்க முடியாதென்று சொல்லிவிட்டார். மூச்சு விடுகிறவனுக்கு எப்படி அடக்கப் பூசை வைப்பது? மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதில் பிரயாணிகளுக்கான செபத்தைச் சொல்லும்படி பதில் வந்தது, ஞாயிறுதோறும் அதைச் சொன்னோம். கிராம நிர்வாக அதிகாரி படகில் வந்து ஒரு மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு, இறப்புச் சான்றிதழுக்கு வழியே இல்லை என்று நல்ல மனதோடு சொன்னார். ரேஷன் கடையில் அவன் பங்குச் சீனியை நிறுத்தவில்லை. எலெக்‌ஷன் வந்தபோது அவன் வாக்குச்சீட்டையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

குமிழிக்கு அர்த்தம் சொல்லவும் ஊர் பழகிக்கொண்டது. எட்டு மூச்சுக்கு ஒருதரம் ஒரு பெரிய குமிழி, தேங்காய் அளவுக்கு, மெதுவாக வரும். அது என் தங்கை ஜெனோவாவை நினைத்து அவன் விடுகிற பெருமூச்சு என்று பெண்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்திரையார் திருவிழாவன்று சப்பரம் வீதி சுற்றின நேரம் குமிழி தபதபவென்று வந்ததாம், பையனுக்கு அடியிலும் திருவிழா ஞாபகம் பார் என்று காவலிருந்தவர்கள் வந்து சொன்னார்கள். சப்பரம் தூக்கின தோள்களில் என் தோளும் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குமிழி விட்டுவிட்டு, கொத்துக் கொத்தாக, இருமுகிற மாதிரி வந்தது. தண்ணீரிலேயே கிடந்து சளி பிடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டி, தூதுவளைக் கஷாயம் வைத்து பாட்டிலில் அடைத்து, கல்லைக் கட்டிக் கூண்டுக்குள் இறக்கியது. மூன்று நாளில் சரியானது. அந்த வாரம் எனக்கும் இருமல். எனக்கும் மூன்று நாளில் சரியானது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்ததை நான் சட்டைப்பைக்குள் போடுகிற மாதிரி உள்ளே போட்டுக்கொண்டேன். கஸ்பார் மூச்சு விடுகிறவரை நான் மச்சானைக் காக்கிறவன்; மூச்சு நின்றால் நான் மச்சானைச் சாகவிட்டவன். இதில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று உங்களைக் கேட்டால் நீங்களும் உடனே பதில் சொல்லிவிடமாட்டீர்கள். அண்ணாச்சிக்கும் அது சௌகரியமாக இருந்தது, ஊருக்கும் அது சௌகரியமாக இருந்தது, காலி சவப்பெட்டியைத் தூக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஒருத்திக்குத்தான் சௌகரியம் இல்லை.

ஜெனோவா பதினோரு மாதம் படுக்கவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. கடலுக்கு முதுகு காட்டவில்லை. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. எல்லோரும் அவளுக்கு உதவிதான் செய்தார்கள், அந்த உதவிதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒருவேளை என்று முறைபோட்டுச் சோறு கொண்டுவந்தார்கள். வாசலில் கடல் பார்த்து நாற்காலி போட்டார்கள். சாய்வு நாற்காலி போடலாமா என்று கேள்வி வந்தபோது ஊர்க்கமிட்டி கூடி, எவ்வளவு சாய்ந்தால் அது படுக்கை ஆகும் என்று இரண்டு மணி நேரம் வாதாடி, தச்சரை வரவழைத்து அளந்து, பாதிக்கு மேல் சாய்கிற மாதிரி இருந்தால் ஆணி அடித்துவிடுவது என்று தீர்மானம் போட்டது. கஸ்பாரின் அம்மா அகஸ்தம்மாள், அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், மருமகள் படுக்காமல் நான் மட்டும் எப்படிப் படுப்பது என்று பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு அவளும் பதினோரு மாதம் உட்கார்ந்தாள். ஜெனோவாவின் தலை சாயும்போதெல்லாம் தோளைக் கொடுத்தாள்; தோள் நழுவும்போதெல்லாம், எழும்பும்மா, எழும்பு என்று உசுப்பினாள்.

ஆடி மாதம் ஜெனோவாவின் கால் இரண்டும் வீங்கி, உதடு நீலம் பூத்தது. ஆஸ்பத்திரி மேற்கே ஆறு கிலோமீட்டர், போகிற வழியெல்லாம் கடலுக்கு முதுகு. ஆட்டோ ஓட்டுகிற சேகனா, அதனாலென்ன என்று வண்டியை ரிவர்ஸில் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடியே ஆறு கிலோமீட்டரும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். எதிரே வந்த பஸ்ஸெல்லாம் நின்று வழிவிட்டன. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இந்தப் பெண் இன்றைக்கே படுக்க வேண்டும், இல்லையென்றால் இதயம் இன்னும் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்றார். கட்டிலைக் காட்டினார். ஜெனோவா கட்டிலைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது, பசித்தவன் சோற்றைப் பார்க்கிற பார்வை அது. கூட வந்திருந்த அகஸ்தம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். ஜெனோவா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போகலாம் என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் படகில் தன்னையும் ஏற்றச் சொன்னாள். காவல் படகில் பொம்பளை ஏறுகிற வழக்கம் இல்லை. சாகப்போகிறவளிடம் வழக்கம் பேச யாருக்கும் வாய் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, முதல்முறையாகக் குமிழியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குமிழியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தாள், என் முகத்தை அல்ல, நெஞ்சை.

"அண்ணே, இந்த எட்டுக்கு ஒரு பெருமூச்சு ஒனக்குள்ளது. சின்ன வயசுல ஒரே பாயில படுத்து நான் எண்ணிருக்கேன். அவுகளுக்குக் கிடையாது."

அவள் சொல்லி முடிக்கும்போதே எட்டாவது மூச்சு வந்து தொலைத்தது, என் நெஞ்சு ஏறி இறங்க, அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரில் பெரிய குமிழி வந்து உடைந்தது.

"கொஞ்சம் மூச்ச அடக்கு," என்றாள்.

சங்கு முங்கினவன் மகன் நான், ஒன்றரை நிமிஷம் அடக்குவேன். அடக்கினேன். கடல் அடங்கியது. ஒரு மீன் துள்ளினால்கூடத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தகடாய்க் கிடந்தது. அவள் அந்தத் தகட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். என் கண் பிதுங்கி, காது இரைந்து, இனி முடியாது என்று நான் மூச்சைவிட்டபோது, பாரின்மேல் கடலே கொதிக்கிற மாதிரி குமிழி பொங்கி வந்தது. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவுக எத்தனை மணிக்குப் போனாக என்று மட்டும் கேட்டாள். பத்து ஐம்பதுக்கு என்றேன். எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டாள். கிறிஸ்துமஸிலிருந்து என்றேன். அவள் விரல்விட்டு மாதத்தை எண்ணினாள், எண்ணி முடித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் என் பாட்டைச் சொல்லி அழுதேன். ஊர் என்னைக் கொன்றுவிடும் என்றேன், அகஸ்தம்மாள் மனசு உடைந்து செத்துவிடுவாள் என்றேன், இதைத் தெரிந்தே செய்யவில்லை, என் மூச்சு என் பேச்சைக் கேட்காமல் அங்கே போய் வருகிறது, நான் என்ன செய்வேன் என்றேன். அதெல்லாம் உண்மைதான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் படுக்கணும்ணே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரையே சுவர்ப்பாருக்கு வரச் சொன்னேன். கஸ்பார் ஏறி வரப்போகிறானாக்கும் என்று புதுச்சேலை கட்டி வந்தவர்களும் உண்டு. பத்தொன்பது படகு வட்டமாய் நின்றது, நடுவில் என் படகு, என் படகில் ஜெனோவாவும் அகஸ்தம்மாளும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். குமிழி அன்றைக்குப் பறந்து பறந்து வந்தது, எனக்கு அவ்வளவு பயம். நான் எழுந்து நின்று, நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தேன்.

"கஸ்பார் அன்னைக்கே செத்துட்டான். பத்து அம்பதுக்குக் காத்து தீர்ந்துபோச்சு. நான் ஒரு மணிவரைக்கும் குமிழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். படகுல இன்னொரு சிலிண்டர் இருந்துச்சு, நான் எறங்கல. மேல வந்ததெல்லாம் என் மூச்சு."

இழுத்த மூச்சு அவ்வளவும் அந்தப் பேச்சில் செலவானது. இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன், எட்டாவது பெருமூச்சும் வந்து போனது. தண்ணீர் அசையவில்லை. பத்தொன்பது படகிலும் ஆட்கள் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தபடி இருந்தார்கள். யாரோ என் தாயைச் சேர்த்துத் திட்டினார்கள். மெல்கியோர் அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கீழே பார்த்தார். அவரும் அன்றைக்குக் கடிகாரம் பார்க்காமல் கடையில் இருந்தவர்தான்.

அகஸ்தம்மாள்தான் முதலில் பேசினாள். என் முழங்காலைப் பிடித்து, அண்ணாந்து கேட்டாள்.

"அப்ப எம்புள்ள இத்தன நாளு அந்தக் குளிருல கெடக்கலையா?"

"இல்ல அத்த," என்றேன்.

அவள் மாதாவே என்று சொல்லி, படகின் பலகையில் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தாள். ஜெனோவா அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் முதுகோடு ஒட்டிப் படுத்தாள். படுத்த அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள். எஞ்சினைப் போட்டபோதும் எழவில்லை, கரையில் நான்கு பேர் தூக்கினபோதும் எழவில்லை, கஸ்பாருக்காகக் கோயில் சாவுமணி முப்பத்துமூன்று தடவை அடித்தபோதும் எழவில்லை. இரண்டு பகலும் இரண்டு இரவும் தூங்கினாள். ஊர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது, ஐஸ் கம்பெனியில் என் பெட்டிக்கு ஐஸ் போடவில்லை, கமிட்டியில் என் பெயரை வெட்டினார்கள். அது நியாயம்தான்.

மூன்றாம் நாள் எழுந்தாள். அடுப்பு பற்றவைத்து, தானே பொங்கி, தட்டு நிறையச் சாப்பிட்டாள். அவுகள எடுத்துட்டு வர யாரு போறா என்று கேட்டாள். பக்கப் பொந்தில் வலைக்குப் பின்னால்தான் இருப்பான், எனக்கு இடம் தெரியும், நான் போகிறேன் என்றேன். என் ஜோடியாக அண்ணாச்சியே உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, படகில் உட்கார எனக்கு மச்சான் கிடையாது. ஊரில் யாரும் முன்வரவில்லை. நாங்கள் படகைத் தள்ளும்போது ஜெனோவா இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து ஏறினாள். அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

பாருக்கு வந்ததும் சிலிண்டரை மாட்டிப் படகு விளிம்பில் உட்கார்ந்தோம். அவள் கடிகாரத்தை மடியில் நிமிர்த்தி வைத்து, முள்ளைப் பார்த்தாள். அன்றைக்குப் படகில் அவள் என்னோடு பேசிய குரலும் இல்லை, ஆஸ்பத்திரியில் பேசிய குரலும் இல்லை, ஒரு புதுக் குரலில் எத்தனை நிமிஷத்துக்குக் காற்று இருக்கிறது என்று கேட்டாள். ஐம்பது என்றேன்.

"அம்பத்தொண்ணாவது நிமிஷம் போன் போட்டுருவேன். குமிழி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. கோயில் மணிய அடிக்கச் சொல்லிருவேன்."

சரிம்மா என்று சொல்லிவிட்டு, நான் பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தேன்.